கேட்ச்னா பிடிக்கிறதுதானே? அப்புறம் ஏன் பாதி இடத்துல ஒட்டவே மாட்டேங்குது?

சப்டைட்டில் சரவெடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆர்வக்கோளாறுல ஒரு இங்கிலீஷ் சீரியலுக்கு தமிழ்ல சப்டைட்டில் போட்டுக்கிட்டு இருக்கேன், காசு கீசு ஒண்ணும் கிடையாது, சும்மாதான். மத்த வார்த்தையெல்லாம் எப்படியோ சமாளிச்சிடுறேன், இந்த 'கேட்ச்' வந்தா மட்டும் கை அப்படியே நின்னுடுது. பந்தைப் பிடிச்சான், மீன் பிடிச்சான், திருடனைப் பிடிச்சான், பஸ் பிடிச்சான், இதுல எல்லாம் பிரச்சனையே இல்ல. சளி பிடிச்சிருக்கு, தீப்பிடிச்சிருச்சுன்னு வந்தப்ப அட இவங்களும் நம்மள மாதிரியே பேசுறாங்களேன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

'ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்'னு ஒருத்தி சொல்றா. மாடிப்படி ஏறி வந்தவன் 'லெட் மீ கேட்ச் மை ப்ரெத்'ங்கிறான், நான் "மூச்சைப் பிடிச்சுக்கறேன்"னு போட்டா அவன் ஏதோ தண்ணிக்குள்ள முங்கப் போற மாதிரி இருக்கு. இன்னொருத்தர் ஒரு ஆஃபரைப் பார்த்துட்டு சந்தேகமா 'வாட்ஸ் த கேட்ச்?'னு கேக்குறார். 'யூ வோன்ட் கேட்ச் மீ டூயிங் தட்'னு ஒரு வசனம் வேற.

டிக்‌ஷனரி பாருன்னு யாரும் சொல்லிடாதீங்க, பார்த்தாச்சு, நம்பர் போட்டு இறங்கிக்கிட்டே போகுது, அதைப் படிச்சா இன்னும் குழப்பம்தான். என் கேள்வி வேற. இத்தனை அர்த்தத்துக்கும் அடியில ஒரே அர்த்தம் ஏதாவது ஓடுதா, எங்க 'பிடி'ன்னே போடலாம் எங்க போடவே கூடாதுன்னு கண்டுபிடிக்க வழி ஏதாவது இருக்கா?

---

வரப்புமேடு:

இருக்குங்க. இப்படி நினைச்சுப் பாருங்க: ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு, விட்டா போயிரும், அதை ஒரு நொடியில எட்டி நிறுத்துறோம். அந்த நொடிதான் கேட்ச். நிறுத்தியாச்சுன்னா அதோட அந்த வார்த்தைக்கு வேலை முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் கையிலயே வெச்சிருக்கிறதுக்கு அவங்ககிட்ட 'ஹோல்டு'ன்னு தனி வார்த்தை இருக்கு. நம்ம 'பிடி' ரெண்டு வேலையையும் பார்க்குது, எட்டிப் பிடிக்கிறதும் பிடிதான், பிடிச்சதை விடாம வெச்சிருக்கிறதும் பிடிதான். நீங்க சொல்ற குழப்பத்துல பாதி இங்கதான் வருது.

சந்தேகம் வந்தா "பத்து நிமிஷமா"ன்னு சேர்த்துப் பாருங்க. "பத்து நிமிஷமா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்" நமக்கு சாதாரணமா இருக்கு. அதையே கேட்ச் போட்டு சொன்னா பத்து நிமிஷமா யாரோ கயித்தைத் தூக்கித் தூக்கி வீசுறாங்க, இவன் பிடிச்சுக்கிட்டே இருக்கான்னு ஆகிடும். குடை பிடிக்கிறது, ஏணியைப் பிடிச்சுக்கிறது, குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு ரோடு தாண்டுறது, இதெல்லாம் ஹோல்டு. நம்மாளுங்க ஏணியில ஏறிக்கிட்டே 'கேட்ச் த லேடர்'னு கத்தினா கீழ நிக்கிறவன் ஏணி விழப்போகுதுன்னு ஓடிடுவான்.

இப்ப உங்க மூச்சு வசனத்துக்கு வருவோம். படி ஏறினதுல மூச்சு ஓடிப்போச்சு, அதைத் துரத்திப் பிடிக்கணும், அதான் அவங்க கணக்கு. நமக்கு மூச்சைப் பிடிக்கிறதுன்னா அடக்குறது, அது அவங்க ஹோல்டு. அதனால "இரு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்"னு போடுங்க. அவங்க பிடிக்கிறாங்க, நாம விடுறோம், நடக்கிறது ஒரே விஷயம்தான், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச உதாரணம் (இந்தப் 'பிடிச்ச' வேற கதை, யாராவது வந்து சொல்லுவாங்க).

பேர் விஷயமும் இதேதான். இங்கிலீஷ்ல எதிராளி பேச்சைப் பந்து மாதிரி வீசுறார், கேக்குறவர் பிடிக்கணும், பிடிக்காம விட்டா தப்பு கேக்குறவர் பக்கம். தமிழ்ல பேச்சு தானா வந்து காதுல விழணும். "உங்க பேர் சரியா காதுல விழல." கேக்குறவர் மேல பழியே இல்ல, எவ்வளவு சௌகரியம் பாருங்க.

---

கொட்டாவி கோவிந்து:

யாராவது சொல்லுவாங்கன்னு வரப்பு அண்ணன் சொன்னாரே, நான் வந்துட்டேன். கேட்ச் மட்டும்தான் குழப்பமா? நம்ம பிடியை ஒரு வெள்ளைக்காரன் கத்துக்கிட்டா அவன் நிலைமையை யோசிங்க. அடம் பிடிக்கிறது, காக்கா பிடிக்கிறது, போட்டோ பிடிக்கிறது, குழாயில தண்ணி பிடிக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, தாத்தாவுக்கு கால் பிடிச்சு விடுறது, சம்பளத்துல பிடிச்சுக்கிறது, வேலை நேரம் பிடிக்கிறது, ஆட்டம் சூடு பிடிக்கிறது, கடைசியா "எனக்கு உன்னைப் பிடிக்கும்". இதுல ஒண்ணுக்குக்கூட கேட்ச் போட முடியாது. காக்கா பிடிக்கிறான்னு கேட்டு அவன் வலை எடுத்துட்டு வந்து நிப்பான் 😂

---

பழஞ்சொல் பைத்தியம்:

வரப்புமேடு சொன்ன "ஓடுறதை நிறுத்துறது" அந்த வார்த்தையோட பிறப்புலயே இருக்கு, அதைச் சொல்லிட்டுப் போறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

லத்தீன்ல 'காபெரே'ன்னு ஒரு வினை, எடுக்கிறது கைப்பத்துறதுன்னு அர்த்தம். அதுல இருந்து 'காப்தாரே', எடுக்க முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கிறது. அது பேச்சு லத்தீன் வழியா பிரெஞ்சுக்குள்ள வந்து வேட்டையாடுற அர்த்தத்துக்கு மாறிடுச்சு. பிரெஞ்சு அப்ப ஒரே மாதிரி இல்ல, வடக்குல நார்மன்காரங்க 'க'ன்னு சொன்ன இடத்துல பாரிஸ் பக்கத்துக்காரங்க 'ச' மாதிரி சொன்னாங்க. 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சாங்களா (பாருங்க, நாடும் பிடிக்கிறோம்), அவங்க உச்சரிப்பு முதல்ல உள்ள வந்துச்சு, சுமார் 1200 வாக்குல 'கேட்ச்' இங்கிலீஷ் எழுத்துல தெரியுது. அப்புறம் ஒரு நூறு வருஷம் கழிச்சு அதே வார்த்தை பாரிஸ் உச்சரிப்புல இன்னொரு தடவை வந்துச்சு, அதான் 'சேஸ்'. துரத்துறதும் பிடிக்கிறதும் ஒரே வார்த்தையோட ரெண்டு உருவம்! ஆரம்பத்துல கேட்ச்க்கே துரத்துறதுன்னும் அர்த்தம் இருந்துச்சு, சேஸ் வந்து அந்த வேலையை எடுத்துக்கிட்டதும் கேட்ச் கையில துரத்தலோட கடைசி நொடி மட்டும் மிச்சமாச்சு.

'கேட்டில்', 'சாட்டல்'னு மாட்டுக்கும் அசையும் சொத்துக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு பாருங்க, அதுவும் இதே கதைதான், ஒண்ணு நார்மன் வாய், ஒண்ணு பாரிஸ் வாய்.

அடுத்த வேடிக்கை, இறந்தகாலம். பிரெஞ்சுல இருந்து வந்த வினையெல்லாம் பெரும்பாலும் ஒழுங்கா கடைசியில 'எட்' ஒட்டிக்கும், சேஸ் 'சேஸ்டு' ஆகுற மாதிரி. கேட்ச் மட்டும் ஏன் 'காட்' ஆச்சு? ஏன்னா பழைய இங்கிலீஷ்ல பிடிக்கிறதுக்கு 'லேட்ச்'னு சொந்த வார்த்தை ஒண்ணு ஏற்கனவே இருந்துச்சு, அதோட இறந்தகாலம் 'லாட்' மாதிரி வரும். புதுசா வந்த கேட்ச் அதைப் பார்த்து காப்பி அடிச்சுது, அப்புறம் அதோட இடத்தையும் பிடிச்சுக்கிச்சு. பாவம் லேட்ச், இப்ப கதவுல தாழ்ப்பாளா தொங்குது.

காபெரே குடும்பம் பெருசு. ரிசீவ், அக்செப்ட், கேப்சர், கேப்டிவ் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைங்கதான். 'டிசீவ்', ஏமாத்துறது, அடியில பார்த்தா கண்ணி வெச்சுப் பிடிக்கிறது. 'பர்சீவ்', உணர்றது, அடியில பார்த்தா முழுசா கைப்பத்துறது, நாம "இப்பதான் பிடிபட்டுச்சு"ன்னு சொல்றதுக்கு எவ்வளவு பக்கம். 'கன்சீவ்'னு கருத்தரிக்கிறதுக்கு ஒரு வார்த்தை, அதுவும் இந்த வேர்தான், நாம மாடு சினை பிடிச்சிருக்குங்கிறோம். தமிழுக்கும் லத்தீனுக்கும் இதுல எந்தத் தொடர்பும் கிடையாது, யாரும் யார்கிட்டயும் கடன் வாங்கல, தனித்தனியா ரெண்டு பேரும் கையை வெச்சே யோசிச்சிருக்காங்க.

கடைசியா ஒண்ணு, 'கேட்ச்போல்'னு ஒரு பழைய உத்தியோகப் பேர் இருந்துச்சு, வரி வசூல் பண்றவன், பின்னாடி கடன்காரங்களைப் பிடிக்கிற சிப்பந்தி. நேர் அர்த்தம் கோழி துரத்தி. இதுக்கு மேல நான் விளக்கம் சொல்லத் தேவையில்லன்னு நினைக்கிறேன்.

---

எதிர்க்கட்சி ஏகாம்பரம்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா "ஓடுறதை நிறுத்துறது"ங்கிறதை எல்லாத்துக்கும் பொருத்திப் பார்த்தா எனக்கு இடிக்குது. சளி விஷயத்துல யார் ஓடுறா, யார் நிறுத்துறா? 'ஐ காட் அ கோல்டு'னு சொல்றவன் சளியைத் துரத்திக்கிட்டா போனான்? அங்க எழுவாய் மனுஷன், பிடிக்கிறவன் அவன். நம்ம வாக்கியத்துல "எனக்கு சளி பிடிச்சிருக்கு", பிடிக்கிறது சளி, நான் சும்மா 'எனக்கு'ன்னு ஓரமா நிக்கிறேன். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியுது, உள்ள திசையே தலைகீழ். பேய் பிடிக்கிறதும் பைத்தியம் பிடிக்கிறதும் அப்படித்தான், நம்மளை ஏதோ வந்து பிடிக்குது. "எனக்கு உன்னைப் பிடிக்கும்"லயும் 'எனக்கு'தான், நான் வேலை செய்யல, எனக்கு நடக்குது. ஆனா தீ விஷயத்துல மட்டும் "வீடு தீப்பிடிச்சிருச்சு", வீடுதான் எழுவாய், இங்கிலீஷ்லயும் அப்படியே. ஏன் இப்படின்னு கேட்டா எனக்கு விதி சொல்லத் தெரியாது, ஆனா ஒரே படம்தான் எல்லாத்துக்கும்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்புறம் சப்டைட்டில்காரருக்கு ஒரு எச்சரிக்கை. நோய் எல்லாத்துக்கும் கேட்ச் வராது. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு தொத்துற நோய்க்குத்தான், சளி, ஃப்ளூ, அம்மை இந்த மாதிரி. சர்க்கரை, கேன்சர், தலைவலிக்கு கேட்ச் போட்டா சிரிப்பாங்க. நமக்கும் சளிதான் பிடிக்கும், காய்ச்சல் அடிக்கும், தலைவலி வரும், அம்மை போடும். அதே மாதிரி 'இஸ் இட் கேட்சிங்?'னு வந்தா "இது தொத்துமா?" அவ்வளவுதான். கொட்டாவிக்கும் கேட்சிங் சொல்லுவாங்க, நாமளும் தொத்திக்கும்னுதான் சொல்றோம், மேல ஒருத்தர் பேரைப் பார்த்ததுல இருந்து எனக்கு வந்துக்கிட்டே இருக்கு.

---

வரப்புமேடு:

ஏகாம்பரம் சார், நல்ல கேள்வி, எழுவாய் விஷயம் நான் யோசிக்காதது. ஆனா படத்தை முழுசா விட மாட்டேன். தொத்துற நோய்க்கு மட்டும் கேட்ச் வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, தொத்துற நோய்தானே ஆளுக்கு ஆள் நகர்றது? சர்க்கரை நகராது, உள்ளயே இருந்து வர்றது, அதனால அதுக்கு கேட்ச் இல்ல. திசை தலைகீழ்ங்கிறது சரிதான், ஆனா நகர்ச்சி அப்படியே இருக்கு.

தொல்காப்பியத்துல உவமைக்கு நாலு அடிப்படை சொல்லுவாங்க, வினை பயன் மெய் உரு. கேட்ச் எங்க போனாலும் வினையைத்தான் தூக்கிட்டுப் போகுது, உருவத்தை இல்ல. தீக்கு கை கிடையாது, கண்ணுக்கு விரல் கிடையாது, ஆனாலும் 'இட் காட் மை ஐ'ங்கிறாங்க. நாம இங்க 'பிடி' போடக் கூடாது, "கண்ணுல பட்டுச்சு" போடலாம், பளபளன்னு பெருசா இருந்தா "கண்ணைப் பறிச்சுது".

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன், செயப்பாட்டு. 'காட் இன் த ரெயின்', 'காட் இன் ட்ராஃபிக்', 'காட் பிட்வீன்' இதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு "மாட்டிக்கிட்டேன்". மழையில மாட்டிக்கிட்டேன், ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். சட்டை ஆணியில கேட்ச் ஆனாலும் மாட்டிக்கிச்சுதான். இங்கிலீஷ் ஒரே வினையை ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுது, நாம பிடிக்கிறவனுக்கு ஒரு சொல், அகப்பட்டவனுக்கு வேற சொல் வெச்சிருக்கோம். திருடன் மட்டும் போலீஸ் பாஷையில "பிடிபட்டான்", வீட்டுல பேசுறப்ப அவனும் மாட்டிக்கிட்டவன்தான்.

---

செமிகோலன்:

ப்ரோக்ராமிங் ஆளா ஒரு ரெண்டு வரி. நாங்க தினமும் 'ட்ரை கேட்ச்' எழுதுறோம், ஜாவா, சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் இருக்கு. எர்ரர் வந்தா அதை 'த்ரோ' பண்ணுவோம், வேற எங்கயாவது கேட்ச் பண்ணுவோம், யாரும் பிடிக்கலன்னா ப்ரோக்ராம் படுத்துடும். அப்படியே பந்து விளையாட்டுதான், லிஸ்ப் மொழியில 1970-கள்லயே இந்த ஜோடி வந்துருச்சு. பைத்தான்ல மட்டும் கேட்ச் இல்ல, 'எக்ஸப்ட்'னு வெச்சிருக்காங்க, எறிஞ்சதைப் பிடிக்கிற அழகே போச்சு, அங்க த்ரோவும் கிடையாது, 'ரெய்ஸ்'.

அப்புறம் ப்ரௌசர்ல 'கேட்ச் க்ளியர் பண்ணு'ன்னு பாதிப் பேர் சொல்றாங்களே, அது கேட்ச் இல்லங்க, 'கேஷ்'. ஒளிச்சு வைக்கிறதுங்கிற பிரெஞ்சு வார்த்தை, பழஞ்சொல் அண்ணன் சொன்ன குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

---

சப்டைட்டில் சரவெடி:

அடேங்கப்பா, ராத்திரி போட்டுட்டு தூங்கிட்டேன், காலையில பார்த்தா மாநாடே நடந்திருக்கு. எல்லாருக்கும் நன்றி. "பத்து நிமிஷமா" டெஸ்ட்டை வெச்சு பழைய எபிசோடுல ஓட்டிப் பார்த்தேன், நல்லா வேலை செய்யுது. இன்னும் மிச்சம் இருக்கிறது: 'வாட்ஸ் த கேட்ச்', 'கேட்ச் அப்', அப்புறம் அந்த 'யூ வோன்ட் கேட்ச் மீ'. கூடவே இன்னிக்கு புதுசா ஒண்ணு, அம்மா பாத்திரம் பையனைப் பத்தி 'ஐ காட் ஹிம் ரீடிங் மை லெட்டர்ஸ்'ங்கிறா. படிச்சுக்கிட்டு இருந்தான் பார்த்தேன்னு போட்டா போதாதா?

---

சிவப்புமை டீச்சர்:

போதாதுப்பா. கேட்ச் பக்கத்துல ஒரு ஆளு, அதுக்கப்புறம் 'இங்' போட்ட வினை வந்தா, அங்க பெரும்பாலும் ஒரு தப்பு இருக்கும். செய்யக்கூடாததைச் செய்யுறப்ப பார்த்துட்டாங்கன்னு அர்த்தம். தப்பு இல்லன்னா 'ஃபவுண்டு' போடுவாங்க. அவன் தோட்டத்துல உக்காந்து பாடம் படிச்சுக்கிட்டு இருந்தான்னா 'ஐ ஃபவுண்டு ஹிம் ரீடிங்', அம்மாவோட லெட்டரைத் திருட்டுத்தனமா படிச்சான்னா 'ஐ காட் ஹிம் ரீடிங்'. அதனால "என் லெட்டரைப் படிச்சுக்கிட்டு இருந்தப்ப கையும் களவுமா பிடிச்சேன்"னு போடு, வசனம் நீளமா இருந்துச்சுன்னா "என் லெட்டரைத் திருட்டுத்தனமா படிச்சான், பிடிச்சிட்டேன்".

உன் 'யூ வோன்ட் கேட்ச் மீ டூயிங் தட்' இதோட குட்டிதான். அது ஏதோ கேவலமான காரியம், என்னை அதைச் செய்யுறப்ப நீ பிடிக்கவே முடியாது, ஏன்னா நான் செய்யவே மாட்டேன். "போயும் போயும் நான் அதைச் செய்வேனா?" இதுல பிடியைத் தேடாதே.

'வாட்ஸ் த கேட்ச்', பேச்சைப் பொறுத்து மாத்திக்கோ. சொத்து, பத்திரம், ஒப்பந்தம்னா "இதுல என்ன வில்லங்கம் இருக்கு?" கச்சிதமா உக்காரும். சின்னப் பசங்க பேச்சுன்னா "என்ன உள்குத்து?" ரெண்டுலயும் அந்த சந்தேகக் குரல் வந்துடும்.

'கேட்ச் அப்' கொஞ்சம் பொல்லாதது. ஓட்டத்துல பின்னாடி இருந்தவன் வந்து சேர்ந்துக்கிறது அதோட நேர் அர்த்தம். அதையே பாடம் விட்டுப்போனவன், தூக்கம் விட்டுப்போனவன், செய்தி தெரியாம இருந்தவன் எல்லாருக்கும் போடுவாங்க, மூணு பேருமே ஏதோ ஒண்ணுக்கு பின்தங்கிட்டாங்க, இப்ப எட்டிப் பிடிக்கணும். பாடத்துக்கு "எட்டிப் பிடிச்சிட்டான்" சரியா வரும். தூக்கத்துக்கு "விட்ட தூக்கத்தைத் தூங்கித் தீர்த்தேன்". 'லெட்ஸ் கேட்ச் அப்'னு சிநேகிதங்க சொன்னா "பேசி ரொம்ப நாளாச்சு, சந்திப்போம்". கூடவே 'கேட்ச் ஆன்' வரும், ஆள் எழுவாயா இருந்தா "புரிஞ்சுக்கிட்டான்", பாட்டோ ஃபேஷனோ எழுவாயா இருந்தா "பரவிடுச்சு". 'கேட்ச் யூ லேட்டர்' வெறும் "அப்புறம் பார்க்கலாம்", அதுல ஒண்ணும் கிடையாது, வேகமா தாண்டிப் போயிடு.

---

கொட்டாவி கோவிந்து:

டீச்சர் நீங்க எங்க இருந்தீங்க இத்தனை நாளா, எங்க டீச்சர் கேட்ச் காட் காட்னு மூணு தடவை எழுதச் சொல்லி விட்டுட்டாங்க.

---

சப்டைட்டில் சரவெடி:

டீச்சர் நன்றிங்க, உள்குத்து அருமை, அப்படியே போட்டுட்டேன். கடைசியா ஒரே ஒரு இடம், அதோட உங்களையெல்லாம் விட்டுடுறேன். ஒருத்தி பேசிக்கிட்டே இருக்கா, திடீர்னு ஸ்க்ரீன்ல 'ஹர் வாய்ஸ் கேட்சஸ்'னு வருது, காது கேக்காதவங்களுக்காகப் போடுற குறிப்பு. குரல் எதைப் பிடிக்குது?

---

வரப்புமேடு:

எதையும் பிடிக்கல, சட்டை ஆணியில மாட்டுற மாதிரி குரல் தொண்டையில மாட்டிக்குது, ஓடிக்கிட்டு இருந்தது நின்னுடுச்சு. ஆனா மாட்டிக்கிச்சுன்னு எழுதினா யாருக்கும் புரியாது. அழப்போறான்னா "குரல் தழுதழுக்கிறது", பேச்சே வரலன்னா "தொண்டை அடைக்கிறது". முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

---

எதிர்க்கட்சி ஏகாம்பரம்:

தழுதழுக்கிறதுன்னா குரல் நடுங்கிக்கிட்டே வந்துக்கிட்டு இருக்கு, கேட்ச்னா ஒரு நொடி அறுந்து நிக்குது. உங்க நொடிக் கணக்கை நீங்களே விட்டுட்டீங்களே வரப்பு. என் ஓட்டு தொண்டை அடைக்கிறதுக்குத்தான்.